சன்னிதியில் நிற்கும் சைக்கிள்

முத்தாலம்மன் துணை

கரட்டுப்பட்டி,
போடிநாயக்கனூர் வழி.
வைகாசி, 1986

அன்பிலும் பண்பிலும் குறைவில்லாத மைத்துனர் பேச்சிமுத்து அவர்களுக்கு, உன் அக்காள் கணவன் ஒச்சப்பன் ஆசியோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும், உன் அக்காள் சுருளியம்மாளும், சினைப் பசுவும், வேலியோரத்து முருங்கையும் சௌக்கியம். மதுரை வெயிலில் நீயும் தங்கச்சி சந்திரவல்லியும் வாடாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கடிதத்தின் தலையில் அம்மன் பெயரை எழுதிவிட்டு இந்தத் தடவை இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டேன். காரணம் கீழே வருகிறது.

உன் கடிதமும், அமெரிக்காவிலிருந்து மருமகன் திருப்பதி அனுப்பி நீ உள்ளே வைத்திருந்த வண்ணப் படமும் கிடைத்தன. மலையில் ஓட்டுவதற்கென்றே அங்கே தனியாகச் சைக்கிள் செய்கிறார்கள், பெரிய படிப்புப் படித்தவர்களெல்லாம் ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக்கொண்டு போய் மேட்டிலும் பள்ளத்திலும் வேண்டுமென்றே ஓட்டுகிறார்கள், குரங்கணி மலையிலேயே கிழவனாகிவிட்ட மச்சான் இதைப்பற்றி என்ன நினைக்கிறார் என்று கேட்டிருக்கிறாய். நினைப்பதைச் சொல்லுகிறேன். அதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இன்றைய தேதிக்கு என்னிடம் சைக்கிள் இல்லை. திருடு போகவில்லை, நான் விற்கவும் இல்லை. நம் முத்தாலம்மன் கோயிலில், அம்மனுக்கு வலது பக்கத்தில், மஞ்சள் பூசி, மாலை போட்டு நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அதை மீட்டுத் தர உன் ஒருவனால்தான் முடியும். முதல் பரிவட்டம் உன் வீட்டுக்குத்தானே? நீ சொன்னால் ஊர் கேட்கும். அதனால் இந்தக் கடிதத்தைப் பொறுமையாக, முடிந்தால் சாப்பிட்டுவிட்டு, கடைசிவரை படி.

முதலில் நீ கேட்ட கருத்து. படத்தைப் பார்த்ததும் எனக்குப் பரிதாபமாக இருந்தது. கேரியர் இல்லை, ஸ்டாண்டு இல்லை, மட்கார்டு இல்லை, மணிகூட இல்லை. டயர் மட்டும் டிராக்டருக்குத் தம்பி மாதிரி இருக்கிறது. முழு விலையை வாங்கிக்கொண்டு பாதிச் சைக்கிளை விற்றிருக்கிறான். கேரியர் இல்லாமல் மலைக்குப் போய் என்னத்தைக் கட்டிக்கொண்டு வருவது? அந்த மலையில் யாருக்கும் சோலியே கிடையாதா என்று மருமகனிடம் கேட்டு எழுது. சோலி இல்லாமல் மலை ஏறுகிறவனை நம் பக்கத்தில் என்ன சொல்லுவார்கள் என்று உனக்கே தெரியும். நானும் மீசை முளைத்த நாளிலிருந்து அந்த மலையில் சைக்கிளோடு கிடக்கிறேன், ஒரு நாள்கூட விளையாட்டுக்கு ஓட்டியதில்லை என்று நெஞ்சில் கை வைத்து எழுதலாம் என்று உட்கார்ந்தேன். கை நெஞ்சுவரைக்கும் போகவில்லை.

ஏனென்றால், மலையில் சைக்கிள் ஓட்டுவது என்கிறார்களே, அதில் பாதிதான் உண்மை. ஏறும்போது யார் ஓட்டுகிறார்கள்? ஏற்றத்தில் சைக்கிளை அழைத்துப் போவது, கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்கு வந்த பெண்ணைத் திரும்பக் கூட்டிப் போவது மாதிரி. கூடவே நடந்து, தள்ளி, நின்று, மூச்சு வாங்கி, சமாதானம் சொல்லித்தான் கொண்டுபோக வேண்டும். வாலிபத்தில் அப்படிக் கொண்டுபோனேன். அறுபதைத் தாண்டியபின் முழங்கால் ஒத்துழைக்கவில்லை. அதனால் போகும்போது சைக்கிளை ஜீப்பின் கூரைமேல் ஏற்றிக் கட்டிவிட்டு நான் உள்ளே மூட்டைகளோடு மூட்டையாக உட்கார்ந்து போவேன். குரங்கணிக்கு மேலே நம் ஏலக்காய்த் தோட்டம்வரை ஜீப்பு போகும். ஓசி வெற்றிலை கொடுத்தால் டிரைவர் கூரைக்குத் தனியாக எதுவும் கேட்கமாட்டார்.

ஆனால் இறக்கம் வேறு. இறக்கத்தைப் பற்றி நான் யாரிடமும் பேசியதில்லை, உன்னிடம் எழுதுகிறேன். தோட்டத்திலிருந்து சைக்கிளை விட்டுவிட்டால் மிதிக்க வேண்டியதே இல்லை. முதல் வளைவிலேயே முழங்கால் வலி நின்றுவிடும். காப்பிச் செடி வாசம் ஒரு வளைவில், கழுதைச் சாணி வாசம் அடுத்த வளைவில், அதற்கப்புறம் கொட்டகுடி ஆற்றுக் காற்று முகத்தில் அடிக்கும். அங்கே என்னைப் பெரியவரே என்று கூப்பிட ஆள் கிடையாது. மருந்து சாப்பிட்டீர்களா என்று கேட்கவும் ஆள் கிடையாது. இறங்கி முடிக்கும்வரை எனக்கு வயதே இல்லை, மாப்ளே. பஞ்சாயத்தில் கேட்டால் தோட்டத்துக்குப் போய் வர வசதிக்காகச் சைக்கிள் வைத்திருக்கிறேன் என்பேன். போகவும் ஜீப்பு இருக்கிறது, வரவும் ஜீப்பு இருக்கிறது, அப்புறம் சைக்கிள் என்ன வசதி என்று இதுவரை யாரும் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

பிரேக்கைப் பற்றி எழுதாவிட்டால் என் கருத்து முழுமையாகாது. என் சைக்கிளில் பிரேக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று உண்டு. அவை இருப்பது ஒரு மரியாதைக்கு. மலையில் நம்முடைய பிரேக்கு மரக்கிளைதான். இலை அடர்ந்த கிளையாக வெட்டி, கயிற்றால் கேரியரில் கட்டி, பின்னால் தரையில் இழுபட விட்டால், அது சைக்கிளைப் பிடித்து இழுத்துக்கொண்டே வரும். விறகு கட்டி இறக்குகிற ஆட்களெல்லாம் செய்கிறதுதான். கிளை தேயத் தேய வேகம் கூடும். கூடினால் இறங்கி வேறு கிளை வெட்ட வேண்டும். இறங்க முடியாவிட்டால் டயர்ச் செருப்பை முன்சக்கரத்தில் அழுத்த வேண்டும். செருப்பும் தேய்ந்துவிட்டால் குலசாமியைக் கூப்பிட வேண்டும். மருமகனுக்கு இதையும் எழுது. அமெரிக்காவில் மரம் இருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

போன கார்த்திகையில் நான் விழுந்து தோள்பட்டை எலும்பை முறித்துக்கொண்டது உனக்குத் தெரியும். கட்டுப் பிரித்த அன்றைக்கே உன் அக்காள் சொல்லிவிட்டாள், "இனிமே எறக்கத்துல சைக்கிள்ல ஏறுனீகன்னு என் காதுக்கு வந்துச்சு, நான் எந்தம்பி வீட்டுக்குப் போயிருவேன். நீங்களே ஒலை வச்சுக்கங்க" என்று. நானும், போகும்போதும் ஜீப்பு, வரும்போதும் ஜீப்பு, சைக்கிள் தோட்டத்துக்குள் சுற்றிப் பார்க்க மட்டும் என்று வாக்குக் கொடுத்தேன். நாலைந்து மாதம் காப்பாற்றினேன். சைக்கிளும் ஜீப்பிலேயே ஏறி ஜீப்பிலேயே இறங்கி ஒரு பெரிய மனிதர் மாதிரி ஆகிவிட்டது.

இந்த வைகாசியில் ஊரில் காப்புக் கட்டினார்கள். மறந்திருக்க மாட்டாய், இருந்தாலும் சொல்லுகிறேன், நீ பட்டணத்து ஆள். காப்புக் கட்டிய பிறகு விளக்கு வைக்கும் நேரத்துக்கு ஊர் எல்லைக்குள் இருந்தாக வேண்டும். வெளியே தங்கினால் அது ஊருக்கே ஆகாது. திருவிழாவுக்காக உன் அக்காள் என் பேரில் முடிகூட வளர்க்கச் சொல்லியிருந்தாள், தாடியும் தலையுமாக நானே என்னைக் கண்ணாடியில் பார்த்துப் பயந்துகொண்டிருந்தேன். மழை பிடிப்பதற்குள் தோட்டத்துக் கொட்டகைக்குக் கூரை மாற்ற வேண்டியிருந்தது. காலையில் போய்ச் சாயங்காலத்துக்குள் ஜீப்பில் வந்துவிடலாம் என்று போனேன். வேலை முடிந்து ஜீப்பு நிற்கும் இடத்துக்கு வந்தால் ஜீப்பு இல்லை. காவல்காரர் சின்னச்சாமி மட்டும் பீடி குடித்துக்கொண்டு நின்றார். அவர் பல வருடம் மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்து எஸ்டேட்டில் இருந்தவர், பாதிப் பேச்சு மலையாளம்.

"ஜீப்பு போயி அண்ணே. திருவிழாவுக்கு வெரசாப் போகணும்னு டிரைவரு உச்சைக்கே லோடு ஏத்தி எறக்கிட்டாரு" என்றார். உச்சை என்றால் மதியம்.

நடந்தால் விளக்கு வைப்பதற்குள் ஊர் எல்லையைத் தொட முடியாது. தங்கினால் தெய்வக் குற்றம். சைக்கிளில் வந்தால் உன் அக்காள் குற்றம். எது பெரியது என்று கொஞ்ச நேரம் நின்று யோசித்தேன். உண்மையில் ரொம்ப நேரம் யோசிக்கவில்லை, மாப்ளே. யோசிக்கிறபோதே கை சில்வர் ஓக் மரத்தில் கிளை தேடிக்கொண்டிருந்தது.

அந்தக் கிளை குரங்கணிவரை நன்றாக உழைத்தது. குரங்கணி தாண்டியதும் குச்சியாகிவிட்டது. வேகம் ஏற ஏற, எதிரே மூட்டை சுமந்த கழுதைகள் வரிசையாக வந்தன. அவை எனக்குப் பழக்கமானவை, ஒதுங்கி வழிவிட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டன. செருப்பை அழுத்தினேன், புகை வந்தது. உண்ணிச் செடிப் புதர் ஒன்றைப் பார்த்து உள்ளே விட்டு ஒருவழியாக நிறுத்தினேன். வேறு கிளை வெட்ட வேண்டும். வைகாசி வெயிலில் சுற்றியிருந்த மரமெல்லாம் மொட்டையாக நிற்க, ஒரே ஒரு மரம் தளதளவென்று நின்றது. நல்ல பாரமான கிளையாக வெட்டி, கட்டி, விட்டேன் சைக்கிளை. அருமையான பிரேக்கு. இத்தனை நாள் இது தெரியாமல் போயிற்றே என்றுகூட நினைத்தேன்.

அது வேம்பு. காப்புக் கட்டிய ஊர்க்காரன், கையில் மஞ்சள் காப்போடு, அம்மனுடைய வேப்பிலையை வெட்டிச் சைக்கிளுக்குப் பின்னால் கட்டி, கழுதைச் சாணியிலும் புழுதியிலும் இழுத்துக்கொண்டு வருகிறான். இது எவ்வளவு பெரிய தப்பு என்று எனக்கு எங்கே உறைத்தது தெரியுமா? கோயில் மேடு கண்ணில் பட்டபோது. மேட்டில் ஊரே நின்றபோது. கடைசி இறக்கம் நேராகக் கோயில் வாசலில்தான் முடிகிறது என்பது நினைவுக்கு வந்தபோது. கயிற்றை அறுத்துவிடலாம் என்றால் அறுத்தபின் பிரேக்கு கிடையாது.

அங்கே கோயிலில் நிலைமை என்னவென்றால், சாமியாடி சோணைக்கு அன்றைக்குச் சாமி வரவே இல்லை. மதியத்திலிருந்து உறுமியும் கொட்டும் அடித்து அடித்துக் கொட்டுக்காரர்களுக்குக் கை வீங்கிவிட்டது. சோணை பாவம், கண்ணை மூடுகிறான், உடம்பை முறுக்குகிறான், அரைக்கண்ணால் கூட்டத்தைப் பார்க்கிறான், ஒன்றும் நடக்கவில்லை. சாமி வந்து உத்தரவு கொடுக்காமல் கரகம் எடுக்க முடியாது. பூசாரி கன்னையன் வாய்விட்டுப் புலம்ப ஆரம்பித்திருந்தாராம். அந்த நேரத்தில்தான் மேல்வளைவில் புழுதி கிளம்பியிருக்கிறது. புழுதிக்குள்ளிருந்து தாடியும் தலைமுடியும் பறக்க, உடம்பெல்லாம் செம்மண்ணாக, பின்னால் வேப்பிலை பரப்பிக்கொண்டு ஓர் உருவம் வருகிறது. நான் வாயைத் திறந்தேன், எல்லாரும் ஒதுங்குங்கள் என்று கத்தத்தான். பயத்தில் வார்த்தை வரவில்லை, வெறும் ஊளைதான் வந்தது. பெண்கள் குலவை போட்டார்கள்.

பந்தலுக்காகக் கொட்டியிருந்த ஆற்று மணலில் போய் விழுந்தேன். எலும்பு எதுவும் போகவில்லை. எழுந்து நின்றால் கால் இரண்டும் வெடவெடவென்று ஆடுகின்றன. அது இறக்கத்து நடுக்கம், சைக்கிள்காரனுக்குத் தெரியும். கொட்டுக்காரர்களுக்குத் தெரியாதே! நான் நடுங்க நடுங்க அவர்கள் வேகமாக அடித்தார்கள். அவர்கள் அடிக்க அடிக்க எனக்கு நிற்கவே முடியவில்லை. கன்னையன் ஓடி வந்து ஒரு குடம் மஞ்சள் தண்ணீரை என் தலையில் கவிழ்த்து, "ஆத்தா! மலையிலேருந்து எறங்கி வந்துட்டியா ஆத்தா!" என்று அழுதார். முதலில் என் காலில் விழுந்தது சோணைதான். அவ்வளவு நிம்மதி அவனுக்கு.

சாமி இல்லையப்பா, பிரேக்கு இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். கேரியரைப் பார்த்தேன். வேப்பங்கிளை சாணியோடு கிடந்தது. இந்தக் கிளையை இழுத்து வந்தது ஒச்சப்பன் என்றால் ஊர் கூடி என்னை ஒதுக்கி வைக்கும். இழுத்து வந்தது ஆத்தா என்றால் அது அவளுடைய இலை, அவள் எங்கே வேண்டுமானாலும் கட்டிக்கொள்வாள். என் இடத்தில் நீ இருந்தால் யாராக இருந்திருப்பாய், மாப்ளே? நான் ஒரு உறுமு உறுமினேன்.

மழை வருமா என்று கேட்டார்கள், வரும் என்றேன். வைகாசி பாதியில் குரங்கணிப் பக்கம் மழை வரும் என்று சொல்ல எந்தச் சாமியும் தேவையில்லை. கரகம் எடுக்கலாமா என்றார்கள், எடுங்கடா என்றேன். இத்தோடு மயங்கி விழுந்துவிடலாம் என்று நல்ல மணலாகப் பார்த்துக்கொண்டிருந்தபோது கூட்டத்தை விலக்கிக்கொண்டு உன் அக்காள் வந்தாள். கையெடுத்துக் கும்பிட்டாள். கொட்டு நின்றது.

"ஆத்தா, எனக்கு ஒன்னே ஒன்னு கேக்கணும். எம்புருசன் இந்த வயசுல மலை எறக்கத்துல சைக்கிள் ஓட்டுறாரு. நான் சொன்னாக் கேக்க மாட்டேங்கிறாரு. போன கார்த்தியில எலும்ப முறிச்சுக்கிட்டு வந்தாரு. இனிமே தொடக் கூடாதுன்னு நீ ஒரு வார்த்த சொல்லு ஆத்தா. நீ சொன்னா அவரு கேப்பாரு."

ஒரு மனிதன் சாமியாக இருக்கும்போது அவன் பெண்டாட்டி வந்து கேட்கிற கேள்வியா இது? ஊரே என் வாயைப் பார்க்கிறது. தொடக் கூடாது என்று சொல்லியிருந்தால் அதோடு போயிருக்கும். உன் அக்காளுக்கு நிம்மதி, எனக்கும் மரியாதை. ஆனால் என் வாயால் எப்படிச் சொல்லுவேன்? அந்த மேல்வளைவும் ஆற்றுக் காற்றும் கண்முன்னால் வந்து நின்றன. எனக்குள் இருந்த கிழவன் முந்திக்கொண்டான்.

"ஏ மகளே! அவன் ஓட்டட்டும், தடுக்காத! அந்தச் சைக்கிளு எங் காவல்ல இருக்கு! அதுல நாந்தான் ஒக்காந்து கூட வர்றேன்!"

சொல்லி முடித்ததும் எனக்கே திருப்தியாக இருந்தது. இனி யார் தடுப்பார்கள்? உன் அக்காள் ஒரு தடவை சைக்கிளைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"அதுல நீயா ஒக்காந்து வர்ற? இது தெரியாமப் போச்சே ஆத்தா! கோழிக்கூடைய வேற அதுல கட்டிக் கொண்டாந்தாரே! நீ ஒக்காந்த எடத்துல இனி ஒரு மனுசரு ஒக்காரலாமா? ஒம்பொருளு ஒங்கிட்டயே இருக்கட்டும் ஆத்தா. சன்னிதியில வச்சுக்க" என்று சொல்லி, நெடுஞ்சாண்கிடையாக என் காலில் விழுந்தாள்.

கன்னையன் உடனே ஆமென்றார். ஆத்தா தன்னுடையது என்று வாய் திறந்து சொல்லிவிட்டால் அது கோயிலுக்குத்தானே வரும்? கருப்பம்மாள் வீட்டுக் கிடாய் அப்படித்தான் வந்தது. ஊரே சேர்ந்து சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போனது. நான் சாமியாக இருந்ததால் என் சைக்கிளைக் கொடுக்க மாட்டேன் என்று சொல்ல அங்கே ஒச்சப்பன் இல்லை. அப்புறம்தான் மயங்கி விழுந்தேன். அது நடிப்பு இல்லை.

அன்றிலிருந்து அது அங்கே நிற்கிறது. ஹேண்டில் பாரில் அரளி மாலை, சீட்டில் சிவப்புப் பட்டு, இரண்டு டயருக்கும் கீழே எலுமிச்சம்பழம். கேரியரில் சூலாயுதத்தைக் குத்தி வைத்திருக்கிறார்கள். கோயில் மணி விரிசல் விட்டிருந்ததால் தீபாராதனைக்கு என் சைக்கிள் மணியைத்தான் அடிக்கிறார் கன்னையன். வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது அந்தச் சத்தம் கேட்டால் என் கால் தானாகப் பெடலைத் தேடுகிறது. சொன்னபடி மழையும் வந்து தொலைத்தது, அதனால் இப்போது செவ்வாய் வெள்ளியில் காணாமல் போன ஆட்டுக்கும், கூடாத கல்யாணத்துக்கும் என் வாசலில் வந்து நிற்கிறார்கள். சோணை என்னோடு பேசுவதில்லை. பிழைப்பைக் கெடுத்தவன் என்று நினைக்கிறான், அதுவும் நியாயம்தான். கறி சாப்பிடக் கூடாதாம் எனக்கு. உன் அக்காள் தினமும் பயபக்தியோடு பருப்புச் சாதம் போடுகிறாள். தோட்டத்துக்குப் போகவும் வரவும் ஜீப்புதான். இறங்கும்போது மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து, கிழிந்த படுதா வழியாக அந்த வளைவுகளைப் பார்த்துக்கொண்டே வருகிறேன். சைக்கிள் இல்லாமல் நான் வெறும் கிழவன், மாப்ளே. இதை வேறு யாரிடம் சொல்லுவேன்?

அதனால் நீ உடனே புறப்பட்டு வா. நடந்ததை ஊருக்குச் சொன்னால் என் தோலை உரித்துவிடுவார்கள், அது வேண்டாம். உன் கனவில் ஆத்தா வந்ததாகச் சொல். சைக்கிள் வந்ததிலிருந்து என் வாகனமான சிங்கத்துக்குக் கோபம், எனக்குச் சைக்கிள் வேண்டாம், உரியவனிடமே கொடுத்துவிடு என்று சொன்னதாகச் சொல். முதல் பரிவட்டம் வாங்குகிற வீட்டுக்குக் கனவு காண உரிமை உண்டு, கன்னையன் மறுக்க மாட்டார். உன் அக்காளுக்கு மட்டும் இந்தக் கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை தெரியக் கூடாது. அவள் மனதார நம்பிவிட்டாள். அந்த நம்பிக்கையைக் கெடுத்த பாவம் எனக்கு வேண்டாம்.

முத்தாலம்மன், என் மேல் இருக்கும் கோபத்தை என்னோடு நிறுத்திக்கொண்டு, உன் வீட்டில் நெல்லும் நிம்மதியும் குறையாமல் வைக்கட்டும். மருமகனுக்கு நல்ல பிரேக்கும், தங்கச்சிக்கு நல்ல ஆரோக்கியமும் வாய்க்கட்டும்.

இப்படிக்கு,
உன் வரவை எதிர்பார்த்து வாசலில் நிற்கும்,
ஒச்சப்பன்

பின்குறிப்பு: எனக்கு எழுதும்போது வாய்விட்டுப் படித்துக்கொண்டே எழுதுகிற பழக்கம். முகவரி எழுதும்போதுதான் பார்க்கிறேன், உன் அக்காள் கதவோரம் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறாள். எப்போதிலிருந்து என்று கேட்டேன். "அமெரிக்காவுலருந்து" என்றாள்.

நான் கடிதத்தை மறைப்பதற்குள் அவளே சொன்னாள். சாமி இல்லை என்பது அவளுக்கு அப்போதே தெரியுமாம். "மணல்லேருந்து எந்திரிச்சதும் மொதல்ல என்ன செஞ்சீக? சக்கரம் கோணிருச்சான்னு சுத்திப் பாத்தீக. எந்த ஆத்தா சக்கரத்தச் சுத்திப் பாப்பா?" என்றாள்.

தெரிந்துகொண்டே ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்டேன். வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டாள். "மேட்டுல நின்னுக்கிட்டிருந்தேன். மேல்வளைவுல நீங்க வர்றது தெரிஞ்சுச்சு. ஊரு குலவ போடுது, எனக்குக் கத்த வாய் வரல. நீங்க மலைக்குப் போன நாளெல்லாம் நான் அந்த ரோட்டப் பாத்துக்கிட்டே ஒக்காந்திருக்கேன். நான் ஒருத்தி எத்தன காலத்துக்குக் காவக் காக்க? ஆத்தாகிட்ட வச்சா ஊரே காக்கும்ல."

எல்லாம் சரி, பொய்யென்று தெரிந்தும் அத்தனை பேருக்கு முன்னால் என் காலில் விழுந்தாயே என்றேன்.

"சாமின்னா விழுந்தேன்? உசுரோட வந்து சேந்தீகளே, அதுக்கு விழுந்தேன்" என்றாள்.

நீ வர வேண்டாம், மாப்ளே. சைக்கிள் அங்கேயே இருக்கட்டும்.